டர்போ டிராக்டருக்கு ஆயில் பிரஷர் மீட்டர்: பொருத்துவது எப்படி?

நடவுக்கு முன் சேற்றுழவு, அறுவடைக்குப் பின் கதிரடிப்பு என்று டிராக்டர் நாள் முழுவதும் ஓயாமல் ஓடும் பருவங்கள் உண்டு. அப்போது எஞ்சின் நின்றுவிட்டால் பழுது பார்க்கும் செலவோடு போவதில்லை. தண்ணீர் கட்டிய வயல் உழவின்றிக் கிடக்கும்; நாற்றங்காலில் நாற்று முற்றிப் போகும். எஞ்சின் கோளாறுகளில் அதிகச் செலவு வைப்பவற்றுள் ஒன்று, ஆயில் அழுத்தம் குறைந்து பேரிங்குகள் தேய்ந்து பிடித்துக்கொள்வதாகும். இதை முன்கூட்டியே காட்டிக் கொடுப்பது ஆயில் பிரஷர் மீட்டர். மீட்டர் இல்லாத டிராக்டரிலும் தனியாக வாங்கிப் பொருத்திக் கொள்ளலாம். ஆனால் சென்சாரையும் ஒயரையும் முறையாக அமைக்காவிட்டால் மீட்டர் தவறான அளவைக் காட்டி ஏமாற்றிவிடும்.

சிவப்பு விளக்கு மட்டும் போதாதா?

பல டிராக்டர்களில் ஆயில் அழுத்தத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே இருக்கிறது. எஞ்சின் பிளாக்கில் உள்ள சிறிய சுவிட்ச் இதை இயக்குகிறது. அழுத்தம் இல்லாதபோது சுவிட்ச் மூடியிருந்து விளக்கை எரியவிடும். அழுத்தம் ஏறியதும் திறந்து விளக்கை அணைத்துவிடும். பொதுவாக சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அளவுக்கு அழுத்தம் இறங்கிய பிறகே இந்த விளக்கு எரிகிறது. வேலை செய்யும் வேகத்தில் 3 அல்லது 4 கிலோ இருக்க வேண்டிய அழுத்தம் ஒன்றரை கிலோவுக்கு இறங்கினாலும் விளக்கு எரியாது. விளக்கு எரியும்போது பேரிங் ஏற்கெனவே கெட்டிருக்கக்கூடும். நண்பகல் வெயிலில் சிறு விளக்கு எரிவது கண்ணில் படுவதும் கடினம்.

மீட்டரோ அழுத்தத்தை அளவாகக் காட்டுகிறது. போன பருவத்தில் எவ்வளவு, இந்தப் பருவத்தில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

டர்போவுக்குக் கூடுதல் கவனம்

டர்போ என்பது எஞ்சினின் புகையைக் கொண்டு சுழலும் ஒரு விசிறி. அதே தண்டில் உள்ள மற்றொரு விசிறி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது, டர்போவின் தண்டு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டக்கூடும். இத்தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. புகையின் வெப்பத்தைத் தணிப்பதும் பெரும்பாலும் அதே ஆயில்தான். ஆகவே சில விநாடிகள் ஆயில் வராமற்போனாலும் டர்போவுக்குச் சேதம் உண்டாகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மீட்டரையும் சென்சாரையும் ஜோடியாகவே வாங்க வேண்டும். சாதாரண சென்சார் அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடையை மாற்றிக் காட்டும் கருவியாகும். இதில் இரண்டு வகைகள் அதிகமாகப் புழங்குகின்றன. ஐரோப்பிய வகையில் அழுத்தம் இல்லாதபோது 10 ஓம். முழு அழுத்தத்தில் 180 ஓம். அமெரிக்க வகையில் இது தலைகீழ். அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அழுத்தத்தில் 33 ஓம். ஒரு வகை மீட்டருடன் மற்ற வகை சென்சாரை இணைத்தால், நின்றிருக்கும் எஞ்சினுக்கு முழு அழுத்தம் இருப்பதாக மீட்டர் காட்டும். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் வகை தெரிந்துவிடும்.

அடுத்தது மரை. 1/8 அங்குல என்.பி.டி., 1/8 அங்குல பி.எஸ்.பி., 10 மில்லிமீட்டர் மெட்ரிக் என்ற மூன்று மரைகளும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முதலாவதில் அங்குலத்துக்கு 27 மரை, இரண்டாவதில் 28 மரை. மெட்ரிக்கில் மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே வழக்கம். மாறான மரையும் இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏறிவிடும். பிறகு ஸ்பானர் போட்டு முறுக்கினால் பிளாக்கின் மரை கெட்டுப்போகும். எனவே பழைய சுவிட்சைக் கழற்றி எடுத்துச் சென்று, மரை அளவு கருவியால் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது.

சென்சாரைப் பொருத்தும் முறை

1. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

2. பழைய சுவிட்சைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ், டீசல் கொண்டு சுத்தமாகத் துடைக்க வேண்டும். இந்தத் துளை பெரும்பாலும் ஃபில்டரைத் தாண்டிய ஆயில் பாதையில் இருக்கிறது. இதில் விழும் மண் துகள் ஃபில்டருக்குப் போகாமல் நேராக பேரிங்குக்குச் சென்றுவிடும்.

3. சுவிட்சைக் கழற்றும்போது சிறிதளவு ஆயில் வழியும். இதற்காக எஞ்சின் ஆயில் முழுவதையும் வடிக்கத் தேவையில்லை.

4. சிவப்பு விளக்கின் சுவிட்சை எடுத்தெறியக் கூடாது. ‘டி’ இணைப்பு போட்டு சுவிட்ச், சென்சார் இரண்டையும் வைத்துக் கொள்ளலாம். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் சென்சாரும் உண்டு. அதில் ‘ஜி’ என்ற முனை மீட்டருக்கு, ‘டபிள்யு.கே.’ என்ற முனை விளக்குக்கு.

5. கனமான சென்சாரை நீண்ட பித்தளை இணைப்பின் நுனியில் தொங்கவிடக் கூடாது. டீசல் எஞ்சினின் அதிர்வில் பித்தளை முறிந்து ஆயில் பீறிட்டு வரும். சூடான டர்போவின் மேலோ புகைக் குழாயின் மேலோ ஆயில் பட்டால் தீப்பிடிக்கும். வைக்கோல் கிடக்கும் களத்தில் இது பேராபத்து. இடம் போதாவிட்டால், ஆயிலுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற அழுத்த ஹோஸ் ஒன்றை பிளாக்கில் இணைத்து, சென்சாரைத் தனிப் பட்டையில் உறுதியாக நிறுத்த வேண்டும்.

6. டர்போவுக்குச் செல்லும் ஆயில் குழாயை வெட்டி அதில் சென்சார் வைக்கக் கூடாது. பாதை குறுகினால் டர்போவுக்குப் போகும் ஆயில் குறையும்.

7. சரிவான மரையாக இருந்தால், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு டெஃப்லான் டேப்பை ஓரிரு சுற்று மட்டும் சுற்றலாம். டேப் துணுக்கு ஆயில் பாதைக்குள் போகக் கூடாது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் உடலே எர்த். டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் மீட்டர் தவறிப் போகும்.

8. ஸ்பானரைச் சென்சாரின் அறுகோணப் பகுதியில் மட்டும் போட வேண்டும். உருண்டையான தகர உறையைப் பிடித்துத் திருகினால் சென்சார் கெட்டுவிடும். சரிவு மரையை மிகையாக இறுக்கினால் வார்ப்பிரும்பு பிளாக் விரியவும் கூடும்.

ஒயர் இணைப்பு

மீட்டரின் பின்புறம் மூன்று முனைகள் இருக்கும். ஒன்றுக்குச் சாவி போட்ட பின் மின்சாரம் வரும் ஒயரை 3 ஆம்பியர் பியூஸ் வழியாகக் கொடுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் டிராக்டர் நிற்கும்போதும் மின்சாரம் செலவாகும். இரண்டாவது முனை எர்த்துக்கு. பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் இதை இறுக்க வேண்டும். மூன்றாவது முனை சென்சாருக்கு. இதற்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதுமானது. ஹோஸ் வழியாகத் தள்ளி வைத்த சென்சாரானால், அதன் உடலிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தனியாக எர்த் ஒயர் தர வேண்டும்.

ஒயரைப் புகைக் குழாய்க்கும் டர்போவுக்கும் விலக்கி, உறை போட்டுக் கொண்டு செல்ல வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். எஞ்சின் அதிர்வதால், சென்சாருக்கு அருகில் ஒயரைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும். சேற்றுத் தண்ணீர் படாதபடி முனைக்கு ரப்பர் மூடி போடுவது நல்லது.

கதிரடிக்கும்போதும் தண்ணீர் இறைக்கும்போதும் டிரைவர் இருக்கையில் இருப்பதில்லை. அதற்கு ஒரு பஸ்ஸர் வைக்கலாம். அதன் பாசிட்டிவ் ஒயரைச் சாவி மின்சாரத்திலும், நெகட்டிவ் ஒயரைச் சிவப்பு விளக்கின் சுவிட்ச் ஒயரிலும் இணைத்தால் விளக்கு எரியும்போது பஸ்ஸரும் ஒலிக்கும்.

மூன்று ஒயர் உள்ள எலெக்ட்ரானிக் சென்சார்கள் வேறு வகை. இவற்றுள் பல 5 வோல்ட்டில் இயங்கி, 0.5 முதல் 4.5 வோல்ட் வரை அளவைத் தெரிவிப்பவை. அவற்றுக்குப் பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கெட்டுவிடும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு ‘ட்ரெம் 4’ புகை விதி நடைமுறைக்கு வந்தது. இவ்வகை எஞ்சின்களில் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இருப்பதால், அதன் சென்சார் ஒயர்களை வெட்டவோ கிளை எடுக்கவோ கூடாது. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டுச் செய்வதே வாரண்டிக்கும் பாதுகாப்பு.

சோதித்துப் பார்த்தல்

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, சென்சாரின் ஒயரைக் கழற்ற வேண்டும். 10-180 ஓம் வகையில் முள் முழு அளவைத் தாண்டும். ஒயரை எர்த்தில் தொட்டால் பூஜ்யத்துக்கு வரும். 240-33 ஓம் வகையில் இது நேர்மாறாக நடக்கும். அவ்வாறு நடந்தால் மீட்டரும் ஒயரும் சரி. ஒன்றை மறக்கக் கூடாது: 10-180 வகையில் ஒயர் அறுந்தாலும் முள் உச்சத்தில்தான் நிற்கும். அசையாமல் உச்சத்தில் நிற்கும் முள்ளைக் கண்டு நிம்மதி அடையக் கூடாது. அதேபோல, சுவிட்ச் ஒயர் அறுந்தால் சிவப்பு விளக்கு எப்போதுமே எரியாது. ஆகவே தினமும் காலையில் சாவி போட்டதும் விளக்கு எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு எஞ்சினை ஓட்டி இணைப்புகளில் கசிவு பார்க்க வேண்டும். பத்து விநாடிக்குள் முள் ஏறாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

மீட்டர் சொல்லும் செய்தி

குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் அதிகமாக இருக்கும், சூடேறியதும் இறங்கும். இது இயல்பு. சூடான எஞ்சினில், வேலை வேகத்தில் காட்டும் அளவையும் ஐட்லிங்கில் காட்டும் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும்.

மேடு பள்ளத்தில் முள் ஆடினால் ஆயில் மட்டம் குறைந்திருக்கலாம். பருவத்துக்குப் பருவம் மெல்ல இறங்கினால் பேரிங் அல்லது ஆயில் பம்ப் தேய்மானம், அல்லது ஆயிலில் டீசல் கலப்பு என்று கொள்ளலாம். ஹாரன் அடிக்கும்போதோ ஹெட்லைட் போடும்போதோ முள் துள்ளினால் கோளாறு எஞ்சினில் இல்லை, எர்த்தில் இருக்கிறது. முள் திடீரென பூஜ்யத்துக்கு வந்தால் எஞ்சினை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். வரப்பு வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணுவது தவறு.

அதேசமயம், மின் மீட்டர் குறைவாகக் காட்டியதை மட்டும் வைத்து எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளக் கூடாது. முதலில் ஒயரையும் எர்த்தையும் சரிபார்க்க வேண்டும். பிறகு சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஒயரில்லாத மெக்கானிக்கல் மீட்டரை வைத்து அளக்கும்படி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். அதுவும் குறைவாகக் காட்டினால்தான் எஞ்சினில் குறை. வெறும் ஒயர் கோளாறுக்காக எஞ்சினை இறக்கும் வீண் செலவு இதனால் மிச்சமாகும்.

பிளாக்கில் அழுத்தம் சரியாக இருந்தாலும் டர்போவின் ஆயில் குழாய் கரி படிந்து அடைத்திருந்தால் மீட்டருக்குத் தெரியாது. எனவே ஆயில், ஃபில்டர் இரண்டையும் கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் மாற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலேட்டரை முறுக்காமல், முள் ஏறி நிலைக்கும் வரை பொறுக்க வேண்டும். கடும் உழவு முடிந்ததும் உடனே நிறுத்தாமல், இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு நிறுத்தினால் டர்போ தணியும். அதில் தங்கும் ஆயில் கருகாது. டிராக்டரை ஓட்டும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி வைப்பது உரிமையாளரின் பொறுப்பாகும்.