விலகி நின்றால் படம் கிடைக்கும்

எல்க் மானின் கொம்பு ஆண்டுதோறும் புதிதாக முளைப்பது. குளிர்காலம் கழியும்போது பழையது உதிர்கிறது. ரத்த ஓட்டமுள்ள மயிர்த்தோல் போர்த்தபடி புதியது வளர்ந்து, கோடை முடிவதற்குள் முற்றி எலும்பாகிறது. அந்தத் தோலை மரங்களில் உரசிக் கழித்துவிட்டு ஆண் மான்கள் செப்டம்பரில் இணைதேடப் புறப்படும்போதுதான் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கேமராக்கள் குவிகின்றன. சுமார் 300 கிலோ எடையுள்ள ஆண் மான் கழுத்தை நீட்டிக் கூவும். பெண் மான்களை வளைத்து ஓட்டும். போட்டிக்கு வந்ததோடு கொம்பு கோத்து மோதும். படத்துக்கு உயிர் தருபவை இவையே. மனிதரைப் பொருட்படுத்தாத மானிடம்தான் இவை இயல்பாக வெளிப்படும். நெருங்கினால் அது தலைதூக்கி, காதுகளை நம் பக்கம் திருப்பி நிற்கும்; கிடைப்பது நம்மைக் கண்டு மிரண்ட ஒரு விலங்கின் படம். எனவே, விலகி நிற்பதே இந்தக் கலையின் முதல் பாடம் என்பேன்.

விலகி நிற்க விலையுயர்ந்த லென்ஸ் வேண்டுமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்க்கிடமிருந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. அந்தத் தூரத்தில் முழுச்சட்டக கேமராவில் 400 மிமீ லென்ஸ் போட்டால், படத்தின் அகலத்துக்குள் அடங்குவது இரண்டு மீட்டர்தான். பக்கவாட்டில் நிற்கும் பெரிய ஆண் எல்க்கே அதற்குள் அடங்காது. சிறிய சென்சார் கொண்ட சாதாரண கேமராவில், பலரிடமும் உள்ள 70-300 மிமீ லென்ஸின் 300 முனையில், 50 மீட்டரிலிருந்தே ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலம் கிடைக்கும். மான் அடங்கி, சுற்றிலும் கொஞ்சம் புல்வெளியும் தெரியும். காலை, மாலை மங்கல் ஒளியில் ஐஎஸ்ஓவை உயர்த்தி, ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் குறையாமல் வைத்தால் போதும். வாழிடத்தைக் காட்ட அகலக்கோண லென்ஸோடு அருகே போக வேண்டும் என்ற வாதமும் நிற்காது. அதே இடத்திலிருந்து ஜூமைக் குறைத்தால் காடும் மலையும் தாமே சட்டத்துக்குள் வரும்.

அதே பூங்காவின் மாமத் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் எல்க்குகள் கட்டடங்களுக்கு நடுவிலேயே மேய்கின்றன, அவற்றுக்கு மனிதர் பழக்கம்தானே என்ற கேள்வி நியாயமானதாகத் தோன்றும். பழகியது வேறு, சாதுவானது வேறு. இணைசேரும் பருவத்தில் அங்கேயே ஆண் மான்கள் ஆட்களைத் துரத்தியிருக்கின்றன, கார்களை முட்டியிருக்கின்றன. மேலும் அந்த வாரங்களில் ஆண் எல்க் சரியாக மேய்வதில்லை. கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்தே வாழ்கிறது. அடுத்து வருவது கடுங்குளிர். நம்மால் அது வீணாக ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் போகிறது. ஆகவே 23 மீட்டர் என்பதைக் கடைசி எல்லையாகக் கொள்ளுங்கள். மேய்ந்த மான் உங்களைக் கண்டு தலைதூக்கினால், எத்தனை மீட்டரில் நின்றாலும் பின்வாங்குங்கள்.