தேமல், மடிப்புப் புண், விரலிடுக்குப் புண்: தோலில் வளரும் மதுவத்தை அடையாளம் காண்பது எப்படி?

திருகோணமலையில் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் மருந்துக்கடைகளில் ஒரு கேள்வி அடிக்கடி கேட்கும். "தம்பி, கழுத்தடியில வெள்ளை வெள்ளையாப் படருது, பூச ஏதும் கிறீம் இருக்கா?" நான் இந்த நகரில் பல வருடங்களாக மருந்தாளராக இருக்கிறேன். கேட்பவர் துறைமுகப் பக்கம் மூட்டை சுமப்பவராக இருப்பார், சில வேளை மகளின் கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டுத் தாயாக இருப்பார். கேள்விக்குப் பின்னால் அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று இருக்கும்: இது குஷ்டமோ?

பெரும்பாலும் அது தேமல். மலசீசியா என்ற மதுவத்தால் வருவது. மதுவம் என்பது ஒற்றைக் கலப் பங்கசு வகை. பாணைப் பொங்க வைப்பதும் மதுவம்தான். இதனால் சிலர் பாண் சாப்பிட்டால் தேமல் வருமா என்று கேட்கிறார்கள். வராது. சீனக்குடாவில் அரைத்த மாவில் பேக்கரிக்காரர் கலப்பது வேறு இனம், தோலில் வளர்வது வேறு இனம். மலசீசியா எங்கள் எல்லோருடைய தோலிலும் எப்போதும் இருக்கிறது. தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்று சும்மா கிடக்கும். வெக்கையும் வியர்வையும் கூடும்போது இழை விட்டுப் படரும். ஆகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதென்று யாரையும் தள்ளி வைக்க வேண்டியதில்லை. ஊத்தையாக இருப்பதால் வருவதும் அல்ல.

அடையாளம் எளிது. நெஞ்சு, முதுகு, கழுத்து, மேற்கை ஆகிய இடங்களில் சிறு சிறு வட்டங்களாகத் தொடங்கி ஒன்றோடொன்று சேரும். நிறம் சுற்றியுள்ள தோலைவிட வெளிறி இருக்கும். சிலருக்குக் கபில நிறமாகவும் இருக்கும். நகத்தால் மெல்லச் சுரண்டினால் மாப் போலச் செதில் உதிரும். அரிப்பு இல்லை, அல்லது கொஞ்சம். வைத்தியசாலையில் அந்தச் செதிலை எடுத்து பொட்டாசியம் ஐதரொட்சைட் துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். குட்டை இழைகளும் உருண்டைகளும் கலந்து தெரியும். மேல்நாட்டு மருத்துவ நூல்கள் இதை ஸ்பகெட்டியும் இறைச்சி உருண்டையும் என்று வர்ணிக்கின்றன. நாங்கள் நொறுங்கிய இடியப்பத்துக்குள் சவ்வரிசி என்று சொல்லலாம்.

வெண்புள்ளி எனப்படும் நிறமிழப்பு பால் போல வெளுத்திருக்கும், செதில் உதிராது. தொழுநோய்த் தழும்பு வேறு. அதுவும் வெளிறியோ சிவந்தோ இருக்கும், ஆனால் அங்கே உணர்ச்சி குறைந்திருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றாலோ, அந்த இடத்தில் மயிர் உதிர்ந்து வியர்வையும் வராமல் வரண்டிருந்தாலோ, கிறீம் தேடாமல் அன்றே தோல் கிளினிக்குக்குப் போங்கள். தொட்டது தெரிந்தாலும் தழும்பு மாறாமல் நின்றால் காட்டத்தான் வேண்டும். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையில் இன்றும் வருடமொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். கிழக்கு மாகாணமும் அதற்கு விலக்கல்ல. மருந்து முற்றிலும் இலவசம், முழுமையாகக் குணமாகும். பிந்தினால்தான் நரம்பு போகும். தேமலைக் குஷ்டம் என்று பயந்து ஒளிப்பதும், குஷ்டத்தைத் தேமல் என்று நினைத்து மாதக்கணக்கில் கிறீம் பூசுவதும் இங்கே நடக்கின்றன. இரண்டாவதுதான் அதிகம் கெடுதி செய்வது.

அடுத்தது கன்டிடா. இது தோல் மடியும் இடங்களைத் தேடும்: மார்பின் கீழ், அக்குள், கவடு, வயிற்று மடிப்பு, குழந்தையின் தொடையிடுக்கு. பளிச்சென்ற சிவப்பு, ஈரம், எரிவு, சில வேளை தயிராடை போல வெள்ளைப் படலம். இதன் முத்திரை ஒன்று உண்டு. பெரிய சிவப்புத் திட்டின் கரைக்கு வெளியே சின்னச் சின்னப் பருக்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும், பெருந்தீவைச் சுற்றிய குட்டித் தீவுகள் மாதிரி. குழந்தைக்குப் பம்பர்ஸ் உரசியதால் வந்த சிவப்பு என்றால் மடிப்பின் உள்பக்கம் பெரும்பாலும் தப்பியிருக்கும். மடிப்புக்குள்ளேயே சிவந்திருந்தால் கன்டிடா என்று சந்தேகிக்கலாம்.

மீன் வெட்டும் பெண்களின் கைகளில் இதை நான் அடிக்கடி காண்கிறேன். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரிலும் மீன் நீரிலும் நனையும் கையில், நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் தோல் வெளுத்து ஊறி, நடுவில் சிவந்து வெடிக்கும். நகத்தைச் சுற்றியும் வீங்கும். காற்றுப் புகாத ரப்பர் சப்பாத்துடன் நிற்பவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் வரும். அதில் இழைப் பங்கசும் சேர்ந்திருக்கலாம்.

வட்டமாக, கரை தடித்துச் செதிலோடு, நடு தெளிந்து பரவுவது படர்தாமரை. அது மதுவம் அல்ல, மருந்தும் முழுக்க ஒன்றல்ல. நிஸ்டற்றின் கன்டிடாவுக்குக் கேட்கும், படர்தாமரைக்குக் கேட்காது. டெர்பினஃபைன் குளிசை படர்தாமரைக்குக் கேட்கும், தேமலுக்குக் கேட்காது. குளோட்ரிமசோல் மூன்றுக்கும் ஓரளவு பொருந்துவதால் முதலில் அதையே கொடுக்கிறார்கள்.

யாருக்கு இது திரும்பத் திரும்ப வருகிறது என்பதைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். முதலில் சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி கூடினால் கன்டிடாவுக்குச் சாப்பாடு கிடைக்கிறது, உடலின் எதிர்ப்பும் குறைகிறது. பெண்ணுறுப்பில் அரிப்பும் வெள்ளைப் படுதலும், ஆண்களுக்கு முன்தோலில் சிவப்பும் வெடிப்பும் ஓயாமல் வந்தால் அது சீனி வருத்தத்தின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். கணவரைப் போரில் இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் இதை யாரிடமும் சொல்வதில்லை. ஆண் வைத்தியரிடம் கதைக்கக் கூச்சம் என்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அக்கா தங்கை மாதிரிக் கேட்டு வழி காட்டுவார். வெறும் வயிற்றில் சீனி 126 அல்லது அதற்கு மேல் வந்தால் மீண்டும் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இப்பரிசோதனை இலவசம்.

மற்றவை போரோடு வந்தவை. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்து, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் தகரத்தின் கீழ் வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். 2015இற்குப் பிறகுதான் பலருக்குச் சம்பூர்க் காணி திரும்பியது. நல்ல தண்ணீர் அளந்து கிடைக்கும் இடத்தில், மாற்றுடுப்புக் காயாத மழைக்காலத்தில், மடிப்புப் புண் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உடம்பில் செல் துண்டுகளோடு இருப்பவர்கள் சீழ் வைக்கும்போதெல்லாம் அன்டிபயோட்டிக் எடுக்கிறார்கள். அது கெட்ட பக்டீரியாவோடு மதுவத்தை அடக்கி வைத்திருக்கும் நல்ல பக்டீரியாவையும் கொல்கிறது. முட்டுக்குப் பிரட்னிசலோன் குளிசையை மாதக்கணக்கில் போடுபவர்களுக்கும் இதே நிலை. முள்ளந்தண்டு பாதித்துப் படுக்கையில் இருப்பவர்களுக்குச் சிறுநீர் ஈரம் பட்ட இடத்தில் உணர்ச்சியே இல்லாததால் எரிவு தெரியாது. பார்ப்பவர்தான் தினமும் தொடையிடுக்கை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

செயற்கைக்கால் போட்டிருப்பவர்கள் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வெட்டுப்பட்ட காலின் முனை மூடிய கிண்ணத்துக்குள் நாள் முழுக்க வியர்க்கிறது. அங்கே சிவந்து எரிந்தால் காலைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றினால் அன்றைய கூலி இல்லை. அதனால் பலர் எரிவைப் பொறுத்துக்கொண்டு நடக்கிறார்கள், தோல் கிழிந்து பக்டீரியாவும் புகுந்து, இரண்டு நாளில் முடிந்திருக்க வேண்டியது இரண்டு மாதமாகிறது. முனையைக் காலையில் கழுவினால் ஈரத்தோடு கால் போட வேண்டி வரும்; இரவில் கழுவுங்கள். உள்ளுறையைத் தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். துணியுறை இரண்டாவது ஒன்று வைத்திருந்து மதியம் மாற்றுங்கள். முனையில் மயிரை மழிக்காதீர்கள்.

மருந்தைப் பொறுத்தவரை என் கோபம் ஒரு வகைக் கிறீமில்தான். ஸ்டீரொய்ட், அன்டிபயோட்டிக், பங்கசு மருந்து மூன்றும் கலந்த குழாய்கள் சீட்டில்லாமலும் விற்கப்படுகின்றன. பூசிய மறுநாளே அரிப்பு நின்றுவிடும், அதனால் சனத்துக்குப் பிடிக்கும். ஆனால் பங்கசு அடியில் பரவும், தோல் மெலியும், கவட்டில் நிரந்தர வரிகள் விழும், படர்தாமரை உருமாறி வைத்தியருக்கே அடையாளம் தெரியாமல் போகும். பெயரில் பீட்டாமெதசோன், குளோபெற்றசோல் என்று இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் பூசாதீர்கள்.

கன்டிடாவுக்குக் குளோட்ரிமசோல் கிறீமை நாளைக்கு இரண்டு தரம், இரண்டு தொடக்கம் நான்கு வாரம் மெல்லியதாகப் பூச வேண்டும். முதலில் இடத்தை ஒற்றிக் காயவிடுங்கள்; ஈரத்தின் மேல் பூசுவது வீண். தேமலுக்குக் கீற்றோகொனசோல் ஷம்பூவை உடம்பில் பூசி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுவது மலிவான வழி. கீற்றோகொனசோல் குளிசை வேண்டாம், ஈரலைக் கெடுக்கும் என்பதால் 2013இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் தோல் பங்கசுக்கு அதைத் தடுத்துவிட்டன. ஃபுளுகொனசோல் குளிசையை வைத்தியர் எழுதினால், நீங்கள் போடும் சீனிக் குளிசையின் பெயரையும் வார்ஃபரின் எடுப்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கிளிபென்கிளமைட் போன்றவற்றோடு சேர்ந்தால் சீனி திடீரென இறங்கலாம்.

தேமல் மருந்து முடிந்தும் வெள்ளைத் தழும்பு மாறவில்லையே என்று மறுபடியும் வருவார்கள். சுரண்டிப் பார்த்து மா உதிரவில்லை என்றால் மதுவம் செத்துவிட்டது. நிறம் திரும்ப மாதங்கள் எடுக்கும், அதற்கு இன்னொரு குழாய் கிறீம் வாங்கத் தேவையில்லை.