வியன்னாவில் இரண்டு நாள்: மீண்டும் கணவன் மனைவியாக

நீண்ட சிகிச்சை நிறைவுற்றதும் உடல் மெல்லத் தேறத் தொடங்குகிறது. ஆனால் கணவன் மனைவி உறவு அத்துணை விரைவில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மாத்திரை வேளைகளும் பரிசோதனை நாள்களுமே பேச்சாக இருந்த வீட்டில், ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் செவிலியராகவும் மாறிப்போயிருப்பர். மருத்துவர் இசைவளித்தபின் இருவர் மட்டுமே மேற்கொள்ளும் ஒரு வார இறுதிப் பயணம் அந்த இடைவெளியைக் குறைக்க உதவும்.

ஐரோப்பாவில் வாழ்வோரும், அங்குள்ள பிள்ளைகளின் இல்லத்திற்குச் சென்றிருப்போரும் இதற்கு ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவைத் தேர்ந்தெடுக்கலாம். லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அங்குச் சென்றடையலாம். களைத்தவர் அமர்ந்தபடியே கண்டு மகிழத்தக்க நகரம் அது. பழைய கோட்டை மதில் நின்ற இடத்தில் அமைந்து, 1865ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரிங் வீதியில் டிராமில் சென்றால், இசைநாடக அரங்கும் நாடாளுமன்றமும் சன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாக வந்து செல்லும். சுரங்க ரயில் நிலையங்களில் லிஃப்ட் வசதி உண்டு.

ஒரு நாளைக்கு ஓரிரு இடங்கள் போதும். சனிக்கிழமை காலையில் மேல் பெல்வெடேர் அரண்மனைக்குச் சென்று, குஸ்தாவ் கிளிம்ட் 1907-08இல் பொற்தகடு பதித்துத் தீட்டிய ‘முத்தம்’ ஓவியத்தைக் காணலாம். பிற்பகலில் அறைக்குத் திரும்பி உறங்குங்கள். ஓய்வும் பயணத் திட்டத்தின் ஒரு பகுதியே. மாலையில் காப்பியகம் ஒன்றில் அமருங்கள். அங்குக் காப்பியுடன் ஒரு குவளைத் தண்ணீரும் வரும். எழுந்து செல்லுமாறு எவரும் அவசரப்படுத்துவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை புனித ஸ்தேவான் பேராலயம். அதன் தெற்குக் கோபுரத்திற்கு 343 படிகள். வடக்குக் கோபுரத்திற்கு லிஃப்ட் உண்டு. லிஃப்ட்டிலேயே செல்லுங்கள். ஒருவர் உள்ளே செல்ல மற்றவர் வெளியே காத்திருந்த நாள்கள் போதும். உடல் இடம் தந்தால், மாலையில் பிராட்டர் பூங்காவில் 1897இல் நிறுவப்பட்ட இராட்சத ராட்டினத்தில் ஏறி, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்திலிருந்து நகரைக் காணலாம்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை சில. விமானப் பயணம், கூட்டம் மிகுந்த இடங்கள், வெளி உணவு ஆகியவை பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்னரே கேட்டறியுங்கள். மருந்துகளை அவற்றின் அசல் உறைகளிலேயே, மருந்துச் சீட்டுடன், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் அனுப்பக் கூடாது, உறைந்தால் பயனற்றுப்போகும். மார்ஃபின் போன்ற வலிநிவாரணிகளை எல்லை கடந்து எடுத்துச் செல்லத் தனிச் சான்றிதழ் தேவைப்படலாம். ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மருந்தகங்களும் முறைவைத்தே திறந்திருக்கும். ஆகவே சில நாள்களுக்குரிய மருந்தைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் நோயை மறைக்காமல் குறிப்பிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் இல்லை. விமான நிறுவனத்திடம் 48 மணி நேரத்திற்கு முன்னரே தெரிவித்துவிடுங்கள். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

இந்த இரண்டு நாள்களும் பராமரிப்பவருக்கும் உரியவை. சிகிச்சை பெற்றவர் தம்மால் இயன்றால், மாத்திரை நேரத்தைத் தம் கைப்பேசியிலேயே குறித்துவைத்துத் தாமே நினைவில் கொள்ளட்டும். எங்கு உண்பது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். “வலிக்கிறதா?” என்ற கேள்விக்கு முன்பாக, “அடுத்து எங்கே போகலாம்?” என்ற கேள்வி எழட்டும்.

கட்டணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பயணச்சீட்டையும் அறையையும் பதிவு செய்யுங்கள். கடைசி வேளையில் உடல் ஒத்துழைக்காவிட்டால் தயங்காமல் தள்ளிவையுங்கள். அதற்காக இருவரில் எவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வியன்னா அங்கேயே இருக்கும்.