இடையை மறந்த சட்டை

1957ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் வெளிவந்த சட்டையொன்று பலருடைய ஏளனத்துக்கு ஆளாயிற்று. தோளிலிருந்து முழங்கால்வரை நேராக இறங்கிய அச்சட்டைக்கு இடை என்பதே இல்லை. 'சாக்குச் சட்டை' என்னும் பெயரே அதற்கு நிலைத்தது. பத்தாண்டுகளுக்கு முன்னர்தான் கிறிஸ்டியன் டியோர் இடையை இறுக்கிப் பாவாடையை விரித்து உலகத்தை வயப்படுத்தியிருந்தார். ஆதலின், இடையைக் காட்டாததும் ஓர் ஆடையோ எனப் பலர் கேட்டதில் வியப்பில்லை. ஆனால், அதனை ஆக்கியவர் தொழில் அறியாதவரல்லர். தம் தலைமுறையின் ஆசான் அவரேயென அந்த டியோரே ஏற்றுக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் கிறிஸ்தோபல் பலென்சியாகா. ஸ்பெயின் தேசத்து வடகரையிலுள்ள கெத்தாரியா என்னும் மீன்பிடியூரில் 1895இற் பிறந்தவர். தாயார் தையற்றொழில் செய்தவர். மகன் ஊசி பிடிக்கப் பழகியதும் அவரிடமே. சான் செபஸ்தியான் நகரிற் சிறப்புற்றிருந்தவரை உள்நாட்டுப் போர் பெயர்த்தது. 1937இல் பாரிஸிலே தையலகம் திறந்தார். ஆடையை வரைபவர் பலர். வெட்டுதல், பொருத்துதல், தைத்தல் அனைத்தையும் தம் கையாலேயே செய்து முடிக்கவல்லவர் மிகச் சிலர். பலென்சியாகா அச்சிலருள் ஒருவர். சட்டைக்கை தோளோடு கூடும் இடம் அவருக்கு ஒரு பித்தாகவே இருந்தது. அங்கே சிறு சுருக்கம் கண்டாலும் பிரித்தெடுத்து மீண்டும் பொருத்துவார்.

உடலைத் துணியால் இறுக்குவதை விடுத்து, உடலுக்கும் துணிக்கும் இடையே காற்று உலவ இடம் வைத்ததே அவர் கண்ட புதுமை. முன்புறம் உடலோடு ஒட்டியும் பின்புறம் தளர்ந்தும் நிற்கும் மேற்சட்டைகளை அமைத்தார். கழுத்துப்பட்டி பிடரியை விட்டு விலகி நின்றமையாற் கழுத்து நீண்டு தோன்றிற்று. கையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே நிறுத்தியமையால் வளையல்கள் தெரிந்தன. இளமை கடந்தவர்களும் உடல் பருத்தவர்களும் அவற்றை அணிந்து தடையின்றி நடமாடினர். மெலிந்த இளம்பெண் ஒருத்திக்கே பொருந்தும் ஆடையைத் தைப்பது அத்துணை அரிய காரியமன்று.

இவ்வடிவங்களைத் தாங்குதற்கு ஏற்ற துணி வேண்டியிருந்தது. ஏபிரகாம் என்னும் சுவிற்சர்லாந்துப் பட்டு நிறுவனத்தார் 1958இல் அவருக்காகக் 'கஸார்' என்ற விறைப்பான பட்டை நெய்வித்தனர். 1967இல் அவர் அமைத்த மணப்பெண் ஆடை அப்பட்டினாலானது. அணியேதுமின்றி, மிகக் குறைந்த தையலோடு கற்சிற்பம்போல நின்றது. அதே ஆண்டில் வந்த நான்கு மூலைச் சட்டையை வாங்கியோர் மிகச் சிலரே. அதனை அணிந்து பழகுவதே பெரும்பாடு! ஆசானுக்கும் அளவு தவறுவதுண்டு.

எளிமைபோலத் தோன்றும் அவர் ஆடைகள் சிலவற்றை, 2017ஆம் ஆண்டுக் கண்காட்சியின் பொருட்டு லண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையார் எக்ஸ்-கதிராற் படம்பிடித்தனர். துணி தன் இடத்தில் நிற்கும்படி மறைத்துத் தைத்த விறைப்புக் கம்பிகளும் சிறு எடைகளும் அப்படங்களிற் புலப்பட்டன.

ஆயத்த ஆடைகள் சந்தையை நிறைத்த காலத்தில், ஒருவரின் உடலை அளந்து பலநாள் தைக்கும் தொழிலுக்கு இடம் சுருங்கிற்று. அவரோ ஆயத்த ஆடைத் தொழிலில் இறங்க இசைந்தாரில்லை. 1968இல் தையலகத்தை மூடிவிட்டார். 1972 மார்ச் மாதத்திலே, ஸ்பெயினின் ஆட்சித்தலைவர் பிராங்கோவின் பேத்திக்கு மணவாடை ஒன்று அமைத்துக் கொடுத்தார். அம்மாதம் முடியுமுன்னே காலமானார்.