மலைமுகட்டில் மரக்கறிச் சமையல்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நீலகிரியை நோக்கிப் புறப்படும் குடும்பங்கள் பல. விடுதியில் தங்கி, உணவகத்தில் உண்டு, ஊர் சுற்றித் திரும்புவது ஒரு வகை. தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், உரிமையாளரின் அனுமதியுடன் கூடாரம் அமைத்து, தாமே சமைத்து உண்டு, இரண்டு இரவுகள் கழித்துத் திரும்புவது மற்றொரு வகை. பிள்ளைகளின் உள்ளம் நாடுவது இரண்டாவதைத்தான். ஆனால் அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. கூப்பிடு தூரத்தில் கடையும் இராது. ஆகவே, சகோதரிகளே! மலையில் உண்ணப்போகும் உணவின் சுவையும் நலனும் புறப்படுவதற்கு முந்தைய நாளே உங்கள் வீட்டு அடுப்படியில் முடிவாகிவிடுகின்றன.

ஏன் மரக்கறி?

"இறைச்சி இல்லாமல் ஒரு விருந்தா?" என்று கேட்கும் பிள்ளைகள் நம் இல்லங்களில் உண்டு. ஆயினும் இந்தப் பயணத்திற்கு மரக்கறியே ஏற்றது. மேட்டுப்பாளையத்து வெயிலைக் கடந்துதான் மலையேற வேண்டும். பனிக்கட்டி இல்லாமல் கொண்டுசெல்லும் பச்சை இறைச்சி சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும். அறிமுகமில்லாத இடத்தில் வாங்கினாலோ ஹலாலா என்ற ஐயம் எழும். மரக்கறி என்றால் உடன் வரும் பிற சமய நண்பர்களும் தயக்கமின்றி நம்மோடு அமர்ந்து உண்பார்கள். காரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு ஆகியவை அம்மலையிலேயே விளைபவை. ஊட்டி, குன்னூர் சந்தைகளில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், சுமையும் குறையும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சூப் பொட்டலங்களிலும் மசாலாத் தூள்களிலும் கோழிச்சாறு கலந்திருக்கக்கூடும். உறையின் மீது பச்சைச் சதுரத்தினுள் பச்சை வட்டம் இருந்தால்தான் அது மரக்கறி உணவு.

மலை ஏறினால் கொதிநிலை இறங்கும்

ஊட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. நம் ஊரில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஊட்டியில் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். பருப்போ வேகாமல் நிற்கும்! கொண்டைக்கடலையை நம்பி அமர்ந்தவர்கள் எரிபொருள் தீர்ந்த பின்பே உண்மையை உணர்வார்கள்.

இதற்கு மருந்து பிரஷர் குக்கர். மூடியினுள் அடைபடும் நீராவி அழுத்தத்தைக் கூட்டுவதால் கொதிநிலையும் உயர்கிறது. எனினும் வீட்டில் 4 விசில் வைப்பதற்கு அங்கே 5 அல்லது 6 தேவைப்படும். புறப்படும் முன் குக்கரின் ரப்பர் வளையத்தையும், ஆவி வெளியேறும் துவாரத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். ராஜ்மா போன்ற பெரும்பயறுகளை அரைவேக்காட்டில் உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். அவற்றைத் தவிர்த்துவிடுவதே நலம். விரைவில் வேகும் சிறுபருப்பும் மைசூர்ப் பருப்பும் போதும்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

ரவையையும் சேமியாவையும் வறுத்து, கடுகும் உளுந்தும் தாளித்து ஆறவைத்து, டப்பாக்களில் அடைத்துவிடுங்கள். அங்கே கொதிநீரில் கொட்டிக் கிளறினால் உப்புமா ஆயிற்று. இஞ்சி, பூண்டு விழுதை உப்புச் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை வதக்கி, நீர் படாத சிறு கிண்ணத்தில் மூடி வையுங்கள். அரிசி, ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் போதும். வேளை வாரியாக அளந்து தனித்தனித் துணிப்பைகளில் கட்டி, "முதல் நாள் இரவு" என்பதுபோல் எழுதி ஒட்டிவிட்டால் குறைவும் வராது. வீண் விரயமும் ஆகாது.

முதல் நாள் பகல் உணவுக்குப் புளிச்சோறு ஏற்றது. தேங்காய்ச் சட்டினி வேண்டாம், வழியிலேயே புளித்துவிடும். பருப்புப் பொடியும் ஊறுகாயும் துணைக்கு இருக்கட்டும். இரண்டாம் நாளுக்குக் காய்கறி சேர்த்த குஸ்கா ஆக்கினால் இறைச்சி கேட்ட பிள்ளைகளும் மறுபேச்சின்றி உண்பார்கள்.

குளிருக்கு ஒரு கஞ்சி

ரமலானில் நாம் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைப் போல மலைக்குளிருக்கு இதமான உணவு வேறில்லை. 5 பேருக்கு, நொய்யரிசி 200 கிராம், சிறுபருப்பு 50 கிராம், வெந்தயம் 1 தேக்கரண்டி. மூன்றையும் வீட்டிலேயே இளஞ்சூட்டில் வறுத்துக் கலந்துவையுங்கள். அங்கே 5 லிட்டர் குக்கரில் எண்ணெய் விட்டு, வெங்காயம், வதக்கிய இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, பொடியாக நறுக்கிய காரட் ஆகியவற்றை வதக்கி, புதினாவைத் தூவி, 2 லிட்டர் தண்ணீரும் உப்பும் சேர்த்து, கலவையைக் கொட்டி மூடுங்கள். கஞ்சி பொங்கும் இயல்புடையது; குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆவி முழுவதும் அடங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

அடுப்பில் எச்சரிக்கை

சகோதரிகளே, சுவையைவிட உயிர் பெரிது. மலையில் இரவுக்குளிர் கடுமையானது. சமைத்து மீந்த கரிக் கனலைக் குளிர்காயக் கூடாரத்தினுள்ளோ மூடிய அறையினுள்ளோ வைத்துக்கொண்டு உறங்குவது தற்கொலைக்கு ஒப்பானது. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே உயிர் போய்விடும். எந்த அடுப்பும் கூடாரத்துக்கு வெளியிலேயே எரியட்டும்.

மலை ரயிலானாலும் வேறு ரயிலானாலும், எரிவாயு சிலிண்டரோ மண்ணெண்ணெயோ எடுத்துச் செல்வது குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், பயணிகள் மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் மாண்டனர்.

காட்டில் அனுமதியின்றித் தங்குவதும் தீ மூட்டுவதும் சட்டப்படி தடுக்கப்பட்டவை. உறைபனியில் கருகிய புல்வெளிக்கு ஒரு பொறி போதும். காட்டுத்தீ எவ்வளவு விரைந்து பரவும் என்பதை, 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்து நம் தமிழகம் அறிந்திருக்கிறது.

எடுத்துச் சென்றதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

குன்னூர், கோத்தகிரி தோட்டங்களில் கரடியும் காட்டெருமையும் நடமாடுகின்றன. பகலில் குரங்குகளின் தொல்லை வேறு. எண்ணெயும் மாவும் பழமும் கூடாரத்தில் இருக்கலாகாது, வாகனத்தில் பூட்டிவையுங்கள். கோடையில் வழியெங்கும் விற்கும் பலாப்பழத்தை ஆசையாக வாங்கினால் அங்கேயே உண்டு முடித்துவிடுங்கள். அதன் மணம் யானையை அழைக்கும்!

நீலகிரியில் நெகிழிப் பைகளுக்கும் சிறு தண்ணீர்ப் புட்டிகளுக்கும் தடை உண்டு. எவர்சில்வர் தூக்குச்சட்டியும் குவளையும் துணிப்பையும் கொண்டுசெல்லுங்கள். வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் பெறும் முறையும் 2024 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டியே விவரம் அறிந்துகொள்ளுங்கள்.

மிஞ்சிய சோற்றை, "பிராணிகள் தின்னட்டுமே" என்று கொட்டுவது இரக்கமன்று. மனித உணவில் சுவை கண்ட விலங்கு மீண்டும் மீண்டும் வரும். நாளை அதே இடத்தில் தங்கப்போகும் குடும்பத்துக்கோ, தினமும் அவ்வழியே கொழுந்து பறிக்கச் செல்லும் ஏழைப் பெண்களுக்கோதான் ஆபத்து. அளந்து சமைத்தால் மிஞ்சாது. மிஞ்சினாலும் பாத்திரத்தோடு கீழே கொண்டுவாருங்கள்.

வயிறும் மனமும் நிறைந்து, பிள்ளைகளோடு நலமாக வீடு திரும்புவீர்களாக! நீங்கள் தங்கிய இடம், நீங்கள் வரும் முன் இருந்தது போலவே பசுமையாக இருக்கட்டும்.