ஆணியிலிருந்து ஆணி வரை

மவுண்ட் ராஸ்கிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் நம் தமிழ் மணி இருக்கிறதே, அதைப் பொங்கல் விழா அன்று ஒரே ஒரு நாள் ஆக்லாந்துக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்ட முடியாதா? ஒரு சாண்கூட இல்லாத பொருள். காரில் மடியில் வைத்துக்கொண்டே வந்துவிடலாமே!"

நியாயமான ஆசை. மணியின் கதை நியூசிலாந்துத் தமிழர்களுக்கு மனப்பாடம். 1836 வாக்கில் ஃபங்காரே பக்கத்தில் பூர்வகுடி மவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரம் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரியின் கண்ணில் பட்டதும், அதன் விளிம்பில் ஓடும் எழுத்து தமிழ் என்று பின்னால் தெரிந்ததும், அது முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பல் மணி என்பதும் பலமுறை சொல்லப்பட்டவை. நான் அதற்குள் போகவில்லை. உடைந்த பின் மிஞ்சிய 13 சென்டிமீட்டர் மணியை ஏன் மடியில் வைத்துக் கொண்டுவர முடியாது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கும்பகோணத்தில் என் அத்தையிடம் ஒரு காசுமாலை இருந்தது. எங்கள் வகையறாவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் அது இரவல் போகும். கொடுப்பதற்கு முன் அத்தை மாலையைப் பாயில் பரப்பிக் காசுகளை எண்ணுவாள். எந்தக் காசில் வளையம் தேய்ந்திருக்கிறது, கொக்கி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பெண்ணின் அம்மாவுக்குத் தொட்டுக் காட்டுவாள். பிறகு மாலையோடு தானும் புறப்பட்டுப் போவாள். முகூர்த்த நேரத்தில் எல்லோரும் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுநாள் காலையில் மறுபடி பாய், மறுபடி எண்ணிக்கை.

அருங்காட்சியகங்கள் ஒன்றுக்கொன்று பொருள் இரவல் கொடுக்கும் முறை ஏறக்குறைய முழுவதும் அந்தப் பாயில் இருக்கிறது. அத்தையின் வேலையைப் பார்ப்பவருக்கு அங்கே ரெஜிஸ்ட்ரார் என்று பெயர். இரவல் கேட்டுக் கடிதம் போனால் அவர் பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் கட்டடத்தைப் பற்றிக் கேட்பார். கூரையில் ஒழுகல் உண்டா? மண்டபத்துக்கு மேலே தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா? தீ எச்சரிக்கை மணி யாருக்குப் போகிறது? இரவில் யார் இருப்பார்கள்? லாரி நிற்கும் இடத்திலிருந்து காட்சி அறை வரை எத்தனை கதவு, ஒவ்வொன்றும் எத்தனை அகலம்? இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும். அதனால்தான் ஆறு மாதம், வெளிநாடு என்றால் ஓராண்டுக்கும் மேல், முன்கூட்டியே கேட்கச் சொல்கிறார்கள். காப்பீட்டை 'ஆணியிலிருந்து ஆணி வரை' என்பார்கள். சொந்தச் சுவரின் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றும் நொடியில் தொடங்கி, ஊரெல்லாம் சுற்றி அதே ஆணியில் திரும்ப மாட்டும் நொடி வரை பொறுப்பு இரவல் வாங்கியவருடையது. விலைமதிப்பு மிக அதிகமான சுற்றுக் கண்காட்சிகளுக்கு எந்தக் காட்சிக்கூடத்தாலும் காப்பீட்டுக் கட்டணத்தைக் கட்ட முடியாது என்பதால், நியூசிலாந்தில் அரசே ஈட்டுறுதி கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது.

ஒருமுறை ஒரு காட்சிக்கூடத்தில் இரவல் பெட்டி பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேசை மேல் வெள்ளை ஃபோம் விரித்திருந்தது. நீலக் கையுறை போட்ட பெண் ஒருவர் மரக் கிண்ணம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். டார்ச்சைப் பொருளுக்கு நேராகப் பிடிக்காமல், மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பிடித்தார். சாய்ந்த வெளிச்சத்தில்தான் கீறல்கள் நிழல் விடும். மயிரிழை போல் ஒரு விரிசல் தெரிந்தது. உடனே கூடவே வந்த அறிக்கையைப் புரட்டினார். புகைப்படத்தில் அதே இடத்தில் சிவப்பு அம்பு, அதே நீளம். அப்போதுதான் அவர் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

அந்த அறிக்கைக்கு நிலை அறிக்கை என்று பெயர். இது எவ்வளவு முக்கியம் என்பதை இந்தியா பட்டுத்தான் கற்றது. 1980களில் அமெரிக்காவில் நடந்த இந்தியத் திருவிழாவுக்குப் பாட்னாவின் திதார்கஞ்ச் யட்சி என்ற பழங்காலச் சிலை போய் வந்தபோது கன்னத்தில் ஒரு சிறு சிதைவு ஏற்பட்டது. இரண்டாயிரம் வருடம் மண்ணுக்கடியில் தாங்கியதைப் பயணம் தாங்கவில்லை.

பெட்டிக்கு வருவோம், எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். வெளியே தடித்த பிளைவுட். உள்ளே பொருளின் வடிவத்துக்கே குடைந்த ஃபோம், கொழுக்கட்டை அச்சில் மாவு உட்கார்வது போலப் பொருள் உட்கார வேண்டும். பபிள் ராப் நேரடியாகப் படக்கூடாது. மெருகு பூசிய பரப்பில் அதன் குமிழ்கள் வட்டம் வட்டமாகத் தழும்பு போட்டுவிடும். வெளிநாட்டுப் பயணம் என்றால் பெட்டியின் கட்டைகளையும் சுட வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் புழுவும் முட்டையும் சாக. அப்படிச் சுட்ட மரத்தில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை குத்துவார்கள். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலையை ஆக்லாந்து விமான நிலையத்தில் விட்டுவந்தவர்களுக்கு, இந்த நாடு மரத்துண்டையும் ஏன் முறைத்துப் பார்க்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்து பெட்டி காட்சி அறைக்குள் வந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு நாள் நெருங்குகிறது. இப்போது என்ன செய்வார்கள் தெரியுமா? ஒன்றும் செய்யமாட்டார்கள். பெட்டியை ஒரு நாள் முழுக்க, குறைந்தது 24 மணி நேரம், திறக்காமல் அப்படியே வைத்துவிடுவார்கள்.

ஏன்? ஜூலை மாதக் குளிர்காலக் காலையில் நியூ லின் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வீட்டுக்கு வருகிறேன். சமையலறையில் இட்லிப் பானை கொதிக்கிறது. கதவைத் திறந்த மறுநொடி என் கண்ணாடி வெளுத்துவிடும். குளிர்ந்த பொருள்மேல் ஈரக்காற்று பட்டால் நீர் படியும், அவ்வளவுதான். விமானத்திலோ குளிர்கால லாரியிலோ குளிர்ந்து வந்த வெண்கலத்தைச் சூடான அறையில் சட்டென்று திறந்தால் அதற்கும் இதே கதி. என் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துவிடலாம். வெண்கலத்துக்கு அது நோயாகிவிடும். உண்மையிலேயே அதன் பெயர் வெண்கல நோய். உப்புப்பட்ட வெண்கலத்தின் உள்ளே குளோரைடு தூங்கிக்கொண்டிருக்கும். ஈரம் கிடைத்தால் விழித்துக்கொண்டு செம்பைத் தின்று, வெளிர்ப்பச்சைப் பொடியாகக் கக்கும். கடற்காற்றில் தொங்கிய கப்பல் மணிக்கு உப்பு புதிதல்ல. ஆகவே பெட்டி மெதுவாக, உள்ளும் புறமும் ஒரே வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

செம்பில் ஏறும் களிம்பு நமக்கு அந்நியமானதல்ல. சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கே அதை உவமை சொன்னார்கள். ஆனால் எல்லாக் களிம்பும் ஒன்றல்ல. பழைய வெண்கலத்தின்மேல் வழுவழுப்பாக, கருமையோடிய பச்சையாகப் படிந்திருப்பது அதன் தோல், அது உலோகத்தைக் காக்கிறது. தொட்டால் உதிரும் வெளிர்ப்பச்சைப் பொடிதான் நோய். என் அம்மா இரண்டையும் புளி போட்டுத் தேய்த்துவிடுவாள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்கு அது சரி, பழம்பொருளுக்குக் கொலை. தேய்க்கத் தேய்க்க முதலில் போவது எழுத்துதான். தமிழ் மணியில் நமக்கு உயிரானது அந்த விளிம்பு எழுத்துதானே! இரவல் ஒப்பந்தங்களில் துடைக்காதே, மெருகேற்றாதே, கடன் கொடுத்தவர் எழுத்தில் சம்மதிக்காமல் எதையும் செய்யாதே என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். இப்போது பல பெரிய அருங்காட்சியகங்கள் வெப்பம் 16 முதல் 25 டிகிரி வரை, ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் வரை இருந்தால் போதும் என்று கொஞ்சம் தளர்ந்திருக்கின்றன. வெண்கலத்துக்கு அதிலும் கீழ்ப்பாதிதான் நல்லது. நியூ லின் வாடகை வீடுகளில் குளிர்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பார்த்தவர்களுக்கு அந்த எண்களின் அருமை தெரியும்.

பொருளோடு கூடவே போகும் ஆளைக் கூரியர் என்கிறார்கள். பார்சல் கொண்டுவரும் பையன் அல்ல. பெட்டியை விட்டுக் கண்ணெடுக்காத அத்தை. இந்த அத்தை வேலையை உலகத்துக்கே புதிதாகக் காட்டியவர்கள் மவோரிகள். 1984 செப்டம்பர் 10 அன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 'தே மவோரி' என்ற கண்காட்சி திறந்தது. போனவை 174 தவொங்காக்கள், அதாவது மரபுச் செல்வங்கள். நாம் சிற்பம், செதுக்கல் என்போம். அவர்களுக்கு அவை முன்னோர். ஆகவே அருங்காட்சியகம் சம்மதித்தால் மட்டும் போதவில்லை, அந்தந்தக் குலங்களிடம் போய்க் கேட்டார்கள். பெரியவர்கள் உடன் போனார்கள். விடியும் முன்னே நியூயார்க் படிக்கட்டுகளில் மந்திரம் ஓதிக்கொண்டு உள்ளே நுழைந்து முன்னோரை எழுப்பினார்கள். பிறகு செயின்ட் லூயிஸ், சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ. உற்சவர் வீதியுலா போகும்போது பட்டரும் ஓதுவாரும் கூடப் போவது நமக்கு இயல்பு. அமெரிக்கர்களுக்கு அது பாடமாக இருந்தது. திரும்பி வந்து 1986-87இல் வெலிங்டன், டனீடன், கிறைஸ்ட்சர்ச், ஆக்லாந்து என்று ஊருக்கு ஊர் காட்டினார்கள். அதன் பிறகு இந்நாட்டு அருங்காட்சியகங்கள் மவோரிகளைக் கேட்காமல் அவர்களுடைய பொருளைத் தொடுவது கடினமாகிவிட்டது. நல்ல கடினம்.

நம் பக்கம் திரும்பினால் மனம் வலிக்கிறது. ஓர் ஆண்டு விழாக் கண்காட்சிக்கு என் தாத்தாவின் ஸ்டுடியோ புகைப்படத்தைக் கொடுத்தேன். தடித்த அட்டையில் ஒட்டிய, கும்பகோணத்தில் எடுத்த படம். எழுத்தில் எதுவும் கேட்கவில்லை, விழாக்காரர்களும் கொடுக்கவில்லை. தெர்மகோலில் இருபக்க டேப் போட்டு ஒட்டி, ஜன்னலோரம் வெயிலில் வைத்திருந்தார்கள். விழா முடிந்து பிய்த்தபோது அட்டையின் பின்பக்கம் பாதி கிழிந்தது. அதில்தான் தாத்தாவின் கையெழுத்தில் தேதியும் பெயர்களும் இருந்தன. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு பக்கத் தாள் இருந்திருந்தால், அசலுக்குப் பதில் நகல் எடுத்து மாட்டியிருந்தால், அந்தக் கையெழுத்து இன்றும் இருக்கும். காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்பது அருங்காட்சியகங்களின் பழைய விதி. நம் மண்டபங்களில் பட்டுப்புடவையும் ஓலைச்சுவடியும் மேடை விளக்குக்குக் கீழே வேகின்றன.

'இதெல்லாம் மியூசியம் பொருளா, வீட்டுச் சாமான்தானே' என்பவர்கள் நியூ லின் அம்பிரிகோ பிளேஸுக்கு ஒருமுறை வாருங்கள். பழைய செங்கல் சூளைக்குப் பக்கத்தில் தே தோய் உகு என்ற சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. 1989இல் மூடிய கிரவுன் லின் பீங்கான் ஆலையின் சாமான்கள் அங்கே இருக்கின்றன. ரயில் பயணிகள் டீ குடித்த தடித்த வெள்ளைக் கோப்பைகளைச் செய்த ஆலை அது. அந்தக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தவர்கள் யாரும் அது ஒருநாள் கண்ணாடிக்குள் போகும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். நம் வீட்டு இடியாப்ப உரலும் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. யாராவது இரவல் கேட்டால் சந்தோஷமாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, கீறலைக் குறித்து, திரும்பும் தேதி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

மவுண்ட் ராஸ்கில் சகோதரிக்கு: மணியைக் கேட்கலாம், கேட்பதில் தவறே இல்லை. முதலில் ஆக்லாந்தில் அதை ஏற்கத் தகுதியுள்ள ஓர் அருங்காட்சியகத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். விழாக் குழுவின் கடிதம் அவர்கள் வழியாகப் போகட்டும். அடுத்த பொங்கலுக்கு வேண்டுமென்றால் இந்தப் பொங்கலுக்கு முன்பே போகட்டும். கடிதத்தில் 'ஒரே ஒரு நாள்' என்று மட்டும் எழுதாதீர்கள். பெட்டியைத் திறக்கவே ஒரு நாள் ஆகும்.