வெள்ளிக் கொம்பும் வெண்கல எருமையும்

வளைந்த கொம்பு போல வெள்ளியில் ஒரு மதுக்குவளை. அடிமுனையில் ஒரு விலங்கின் உருவம், அதில் சிறு துளை. மேலே ஊற்றும் மது கீழே தாரையாக விழும். கிண்ணத்தில் பிடித்துக் குடிக்க வேண்டும். நிரம்பிய குவளையைக் கீழே வைக்கவும் முடியாது! பழங்காலப் பாரசீக விருந்துகளில் புழங்கிய இதற்கு 'ரைட்டன்' என்று பெயர். துருக்கியின் எர்சின்ஜானில் கிடைத்த, இறக்கை முளைத்த கற்பனை விலங்கோடு கூடிய ரைட்டன் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது ஏறத்தாழ 2,400 ஆண்டுகள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் விலங்குருவம் கொண்ட வெண்கலப் பொருட்கள் கிடைத்தன. எருமை, ஆடு, சேவல், புலி, யானை என்று ஒரு கூட்டமே உண்டு. இவை குடிப்பதற்கானவை அல்ல, இறந்தவர்களோடு புதைக்கப்பட்டவை. எருமையின் நீண்டு வளைந்த கொம்பைப் பாருங்கள்: செய்தவர் மாட்டோடு வாழ்ந்தவர்தான், சந்தேகமே இல்லை. என் ஓட்டு பாரசீக வெள்ளிக்கு அல்ல, இந்த எருமைக்கே.

ஆதிச்சநல்லூர்ப் பொருட்களைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் நேயர்களே, மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் பக்கம்தான். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று விடுமுறை.